ஒரு சர்வர் டிரைவும் இரண்டு சாதா டிரைவும்

மலேசியாவில், கிள்ளானில் நான் கல்யாண வீடியோ எடுப்பவன். எடுத்ததையெல்லாம் போட்டுவைக்க ஹார்ட் டிரைவ் தேவைப்பட்டது. பிரிக்பீல்ட்ஸில் கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கும் பள்ளிக்கூடக் கூட்டாளியை விட்டு வேறு யாரிடம் போவேன்?

அவன் எடுத்து வைத்தது பெரிய ஆபீஸ் சர்வர்களில் ஓடும் டிரைவ். அந்த ஒன்றின் விலைக்குச் சாதா டிரைவ் இரண்டு வந்தது. தலையைச் சொறிந்தேன்.

"மச்சான், சாதா எல்லாம் பசங்க கேம் விளையாடறதுக்கு. இது ராத்திரி பகலா ஓடும். வாரண்டியும் கூட. உனக்குப் போய் சாதாவைக் கொடுப்பேனா?"

அந்த "உனக்குப் போய்"யில் விழுந்தேன். வீட்டில் டிரைவ் கொரகொரவென்று சத்தம் போட்டது.

"என்னங்க, உள்ள எலியா?" என்றாள் மனைவி.

"பேங்க்ல எல்லாம் இதுதான் ஓடுது," என்றேன் பெருமையாக. வாடிக்கையாளர்களிடமும் அதே வசனம்தான்.

தீபாவளிக்கு முன் சத்தம் நின்றது. டிரைவும் நின்றது. உள்ளே சாலாக் செலாத்தான் ஊர் ஜோடி ஒன்றின் கல்யாணம், வேறு பிரதி இல்லாமல். கேமரா கார்டை அடுத்த கல்யாணத்துக்காக அழித்திருந்தேன். டேட்டா மீட்கும் கடையிலும் கையை விரித்துவிட்டார்கள்.

கூட்டாளியின் கடைக்கு ஓடினேன். பின்னறையில் அவனுடைய சொந்தக் கம்ப்யூட்டர் திறந்து கிடந்தது. உள்ளே இரண்டு சாதா டிரைவ்.

"என்னடா இது?"

"குடும்பப் படம் லா. ஒண்ணுல இருக்கிறது இன்னொண்ணுலயும் இருக்கும். ஒண்ணு போனா ஒண்ணு."

"எனக்கு மட்டும் ஏன்டா ஒத்தைச் சர்வர்?"

"சர்வர்ல எட்டு பத்து சேர்த்துப் போடுவாங்க. ஒத்தையா ஓட்டினா எதுவும் ஒருநாள் போகும்."

"அப்பவே சொல்லியிருக்கலாமே?"

மவுஸைத் துடைத்துக்கொண்டே சொன்னான்: "அது விக்காம கிடந்துச்சு மச்சான். விடு, வாரண்டியில புதுசு வரும்."

"கல்யாணம்?"

அவன் மறுபடி மவுஸைத் துடைக்க ஆரம்பித்தான்.

மணப்பெண் அழவில்லை. "பேங்க் மாதிரின்னு சொன்னீங்களே அங்கிள்?" என்று மட்டும் கேட்டாள். அழுதிருந்தால் தேவலை.

உறவினர்களின் கைப்பேசிகளிலிருந்து துண்டு துண்டாக வாங்கி ஒட்டினேன். தாலி கட்டும் காட்சியில் காஜாங்கிலிருந்து வந்த அத்தை ஒருத்தியின் கொண்டை முக்கால் திரையை மறைக்கிறது. காசு வாங்கவில்லை. கேட்க எனக்கு வாயும் இல்லை.

வாரண்டியில் வந்த புது சர்வர் டிரைவில் அந்தக் கொண்டையைப் பத்திரப்படுத்தினேன். இன்னொரு பிரதி சாதா டிரைவில். அதை வேறு கடையில் வாங்கினேன்.

பிரிக்பீல்ட்ஸ் பக்கம் போனால் அவன் இன்னும் கூப்பிடுகிறான். "மச்சான், ஒரு தே தாரிக் டீ குடிப்போமா?"

"வேலை இருக்கு லா," என்கிறேன். ஒரு வேலையும் இருப்பதில்லை.