ராஸ் அல் கைமாவில் வயிற்றுவலி

அமீரகத்தின் ராஸ் அல் கைமாவில், கல்குவாரித் தொழிலாளர்கள் தங்கும் கேம்ப் எதிரே இருக்கும் டீக்கடையில் காரை நிறுத்துகிறேன். கேம்ப் வாசலில் கம்பெனி பஸ் எஞ்சினை அணைக்காமல் நிற்கிறது. ஆட்கள் யூனிஃபார்மோடு சுவர் நிழலில் உட்கார்ந்திருக்கிறார்கள், ஒருவரும் ஏறவில்லை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் சிகாகோ மாடிமேல் மாடியாக வளர்ந்ததையும் அங்கே நடந்த வேலைநிறுத்தங்களையும் விமானத்தில் படித்துவிட்டு வந்த எனக்கு உற்சாகம் தாங்கவில்லை.

"ஸ்டிரைக்கா, பாய்?"

கடைக்காரர் கீழக்கரைக்காரர். சுற்றுமுற்றும் பார்க்கிறார்.

"அந்த வார்த்தையெல்லாம் இங்க மாஃபி, கிடையவே கிடையாது தம்பி. அவங்களுக்கு வயித்துவலி."

"எல்லாருக்குமா?"

"ரூம்ல ஒரு வாரமா ஏசி ஓடல. அதுல வந்த வயித்துவலி."

சிகாகோவில் எட்டு மணி நேர வேலை கேட்டுக் கூட்டம் போட்டார்கள், குண்டு வெடித்தது, சிலரைத் தூக்கில் போட்டார்கள். இங்கே எல்லாம் எவ்வளவு நாகரிகம். கம்பெனியும் வயிற்றுவலியை அப்படியே நம்பி, ஏசி மெக்கானிக்கை அனுப்பி வைக்கிறது. நான் இரண்டாவது டீயை முடிப்பதற்குள் அத்தனை பேருக்கும் குணமாகிவிடுகிறது. டிரைவர் "யல்லா, யல்லா" என்று அவசரப்படுத்துகிறார். பஸ் நிறைந்து கிளம்புகிறது.

ஒருவர் மட்டும் பெட்டியோடு வாசலில் நிற்கிறார். சூப்பர்வைசர் தன் காரின் டிக்கியைத் திறந்து வைத்திருக்கிறார்.

"அவர் ஏன் ஏறல?"

"அவருக்குத்தான் முதல்ல வலிச்சுது," என்கிறார் பாய், டீயை ஆற்றியபடி. "ஊருல போய்ப் பாத்துக்கச் சொல்லிட்டாங்க. டிக்கெட் கம்பெனியே போட்டிருக்கு. போறதுக்கு மட்டும்."