டேப்பட் சத்தம்

நன்றாக ஓடிக்கொண்டிருந்த ஓர் எஞ்சினைக் கெட்டுவிட்டது என்று சொன்னேன். தெரிந்தே சொன்னேன். அதனால் ஒரு பெண்மணிக்கு மிச்சமிருந்த ஒரே பயணம் நின்றுபோயிற்று. நான்கு ஆண்டுகளாக இதை யாரிடமும் சொல்லவில்லை. உங்களிடம் சொல்கிறேன்.

எனக்கு வயது எழுபத்து மூன்று. முப்பத்து நான்கு ஆண்டுகள் எஞ்சின் பரிசோதகனாக வேலை பார்த்தவன். திருப்புளியின் நுனியை எஞ்சினில் ஊன்றி, பிடியைக் காதோடு அழுத்திக்கொண்டால் உள்ளே எது தேய்ந்திருக்கிறது என்று சொல்லிவிடுவேன். சிட்லபாக்கத்தில் எங்கள் தெருவில் பதினாறு வீடுகள். பதினாறு வீட்டிலும் நான் சொன்னால் மறுபேச்சு கிடையாது. நான் கேட்பது வேறு யாருக்கும் கேட்காது அல்லவா... அதில் எவ்வளவு வசதி இருக்கிறது பாருங்கள்.

எதிர்வீடு கரீம் பாய். மேற்குத் தாம்பரத்தில் இரும்புச் சாமான் கடை வைத்திருந்து ஓய்ந்தவர். கல்யாணமான வருடம் வாங்கிய புல்லட்டை இன்னும் வைத்திருந்தார். அவர் மனைவி ஜமீலாவுக்கு நினைவு தப்பிக்கொண்டிருந்தது. சமையல் மறந்தது, பிள்ளைகளின் பெயர் மறந்தது, கடைசியில் கணவரின் முகமும் மறந்தது. ஆனால் அந்த வண்டி ஓடத் தொடங்கினால் தானாக நடந்து வருவார். பின்னால் ஏறி உட்கார்ந்து, அவர் தோளைப் பிடித்துக்கொண்டு, "போலாங்க" என்பார். ஒரு நாளில் அவர் பேசும் ஒரே சொல் அதுதான். ஏரியை ஒரு சுற்று. பதினோரு நிமிடம்.

காலை ஆறு பத்துக்கு வண்டி கிளம்பும். நான் இரத்த அழுத்தம் பார்ப்பதும் ஆறு பத்துக்குத்தான். வண்டி தடதடத்துக் கிளம்பும் நாட்களில் 148. அவர்கள் ஊருக்குப் போயிருந்த ஐந்து நாட்களும் 136. நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன். பன்னிரண்டு புள்ளி வித்தியாசம்.

ஆறரைக்குப் பார்த்திருக்கலாமே என்கிறீர்களா? எனக்கும் தோன்றியது. நான் ஏன் மாற வேண்டும் என்று நினைத்தேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவரே என்னைக் கூப்பிட்டார்.

"சார், மேல டிக் டிக்குனு இன்னாமோ சத்தம் வருது. கொஞ்சம் காதை வச்சுப் பாருங்களேன்."

வைத்தேன். டேப்பட்தான். வால்வைத் தள்ளும் கம்பியில் இடைவெளி சற்றுக் கூடியிருந்தது. இரண்டு ஸ்பேனர், பத்து நிமிடம்... அவ்வளவுதான் வேலை. ஸ்பேனர்கள் என் வீட்டிலேயே இருந்தன. கீழே கிராங்க் பக்கமும் வைத்துக் கேட்டேன். சுத்தம். அந்த வயதில் அவ்வளவு ஒழுங்கான எஞ்சினை நான் கேட்டதே இல்லை.

நிமிர்ந்து, "பிக் எண்டு போச்சு பாய்" என்றேன்.

"அப்டின்னா?"

"பிஸ்டனைத் தாங்குற ராடு இருக்குல்ல, அதோட அடி பேரிங் தேஞ்சுபோச்சு. எப்ப வேணா ராடு உடையும். ஓடும்போது உடைஞ்சா சக்கரம் அப்படியே பூட்டிக்கும்."

"பிரிச்சு சரி பண்ணிக்கலாம்ல சார்? பம்மல்ல தெரிஞ்ச மெக்கானிக் ஒருத்தர் கீறாரு."

அந்த மெக்கானிக் கைக்குப் போனால் பத்தே நிமிடத்தில் என் பொய் வெளுத்துவிடும். ஆகவே அவருக்கு எங்கே வலிக்குமோ அங்கே தொட்டேன்.

"மெக்கானிக் ஓடும்னுதான் சொல்வான். பின்னாடி அவனா உட்காரப் போறான்? ஏரி வளைவுல பூட்டிக்கிச்சுன்னா அம்மாவுக்கு என்ன தெரியும்? நீங்களே யோசிச்சுக்குங்க."

அவர் சாவியை உருவிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

"நல்லவேளை உங்களைக் கேட்டேன் சார்."

மறுநாள் 137. எனக்கு மகிழ்ச்சியாக இருந்தது. இதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும்.

அன்று ஆறு பத்துக்கு, வண்டிச் சத்தம் கேட்காமலே ஜமீலா வந்தார். உறை போட்டிருந்த வண்டியின் பக்கத்தில் நின்று சீட்டைத் தட்டினார். "போலாங்க" என்றார். "வண்டிக்கு ஒடம்பு சரியில்லம்மா, நாளைக்குப் போலாம்" என்று கரீம் பாய் உள்ளே அழைத்துப் போனார். நான் சன்னலில் நின்று எண்ணினேன். இருபத்து மூன்று காலைகள் வந்தார். இருபத்து நான்காவது காலை வரவில்லை. அதற்குப் பிறகு அவர் வாயிலிருந்து அந்தச் சொல்லும் வரவில்லை என்று கரீம் பாய் சொல்லித் தெரிந்துகொண்டேன்.

தெருவைக் கடக்க எனக்குப் பத்தொன்பது அடி. "அன்னைக்குச் சரியா கேக்கலை பாய், இன்னொரு தடவை பார்க்கிறேன்" என்று ஒரு வரி சொன்னால் போதும். இருபத்து மூன்று முறை சொல்லியிருக்கலாம். ஏன் சொல்லவில்லை? ஒருமுறைகூடத் தவறாகச் சொல்லாதவன் என்ற பெயர் எனக்கு இருந்தது... அதைக் காப்பாற்றிக்கொண்டேன்.

நோய் எப்படியும் அவரைக் கொண்டுபோயிருக்கும் என்பீர்கள். நானும் அப்படித்தான் சொல்லிக்கொள்கிறேன். ஆனால் அந்தச் சொல் இன்னும் எத்தனை நாள் அவரிடம் இருந்திருக்கும்? என் நோட்டில் அந்த எண் மட்டும் இல்லை.

அடுத்த ஆண்டு ஜமீலா இறந்துபோனார். அதே ஆண்டு மழையில் ஏரி நிரம்பித் தெருவில் இடுப்பளவு தண்ணீர். வண்டி மூன்று நாள் அதில் நின்றது. தை மாதம் கரீம் பாய் என்னைக் கூப்பிட்டார். உறையை எடுத்திருந்தார். கிக்கரில் ஏறி நின்றார். அசையவில்லை. பிஸ்டன் துருவேறிச் சிலிண்டரோடு ஒட்டிக்கொண்டிருந்தது.

"அன்னைக்கே சொன்னீங்க, எஞ்சின் போச்சுன்னு" என்றார். "அவ வந்து வந்து நின்னப்போ, ஒருநாள் உங்கமேலயே சந்தேகப்பட்டுட்டேன் சார். சும்மா சொல்லிட்டாரோன்னு... மனசுல வச்சுக்காதீங்க. மன்னிச்சுக்குங்க."

அப்போதாவது வாயைத் திறந்தேனா?

திறந்தேன். "பரவால்ல பாய், விடுங்க" என்றேன். ஆமாம்... நான் அவரை மன்னித்தேன்.

இப்போதும் ஆறு பத்துக்கு அவர் வாசலுக்கு வருகிறார். சன்னலில் என்னைப் பார்த்து, "நல்லாக்கீறீங்களா சார்?" என்று கேட்கிறார். இரத்த அழுத்தக் கருவியின் பட்டை சுற்றிய கையை அப்படியே உயர்த்திக் காட்டுகிறேன். தெருவில் ஒரு சத்தமும் இல்லை. இன்று 156.