கை சேர்ந்த பிறகு

எங்கள் குடும்பத்தில் சீட்டு விளையாடத் தெரியாத ஒரே ஆள் அப்பாதான். அம்மா ரம்மி ஆடுகிற விஷயம் வெளியே தெரியக் கூடாது என்பது அவருடைய உத்தரவு. எங்கள் தெருவில் அது தெரியாத ஆள் யார் என்று நானும் தேடிப் பார்த்திருக்கிறேன், கிடைக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமைகளில் எதிர்வீட்டு டீச்சரம்மா காலைப் பூசைக்குப் போய்வந்து, சமைத்துச் சாப்பிட்டு, சாப்பாட்டு மேசையைத் துடைத்துவிட்டு, வாசல் கதவை அகலத் திறந்துவைப்பார். அதுதான் அழைப்பு. எங்கள் வீட்டிலிருந்து அம்மா போவாள், பக்கத்து வீட்டிலிருந்து அத்தை வருவாள். இரண்டு பேர் ஆடுவதெல்லாம் ஆட்டமே இல்லை என்பது டீச்சரம்மாவின் கட்சி. அதனால் மூன்று பேரில் ஒருத்தர் வராவிட்டாலும் சீட்டுக்கட்டு பெட்டியை விட்டு வெளியே வராது. காசு வைப்பதில்லை. சூளையில் கோணிப்போன பீங்கான் துண்டுகள்தான் புள்ளிக்கணக்குக்கு.

அத்தை என்றால் அப்பாவுக்கு அக்கா. மாமாவும் அப்பாவும் சேர்ந்து விருத்தாசலம் தொழிற்பேட்டையில் பீங்கான் பொம்மை செய்துகொண்டிருந்தார்கள். ஒரு வருடம் கொலுவுக்கு அனுப்ப வேண்டிய பொம்மைகள் ஒரு சூளை முழுக்க விரிசல் விட்டன. மண் சரியில்லை என்றார் அப்பா. தீ சரியில்லை என்றார் மாமா. மண்ணைக் கலந்தவர் மாமா, தீயைப் பார்த்துக்கொண்டவர் அப்பா. அன்றோடு இரண்டு வீட்டுக்கும் பேச்சு நின்றது. அத்தை மகளுக்கும் எனக்கும் ஒரே வயது, ஒரே வகுப்பு. பள்ளிக்கூடத்தில் ஒரே பெஞ்சில் ஒட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்போம். தெருவுக்குள் நுழைந்ததும் ஆளுக்கொரு பக்கமாக, யாரோ எவரோ போல நடப்போம்.

ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்தை மட்டும் யாரும் நிறுத்தச் சொல்லவில்லை. அப்பா நிறுத்தச் சொல்லியிருந்தால், பேச்சு நின்ற பிறகும் அம்மா அத்தையோடு ஆடுவது தனக்குத் தெரியும் என்று ஒப்புக்கொண்டதாகிவிடும்.

அந்த மேசைக்கென்று ஒரு மரியாதை இருந்தது. ஜெயித்தவர் சிரிக்கக் கூடாது. தோற்றவர் சீட்டைத் திட்டக் கூடாது. ஒருவர் கையைப் பார்த்தவள் இன்னொருவர் கையைப் பார்க்கக் கூடாது என்பதால், அம்மா பக்கத்தில் உட்கார்ந்த நான் அத்தை பக்கம் போக முடியாது. முறுக்குத் தட்டை மட்டும் அத்தை என் பக்கமாகத் தள்ளிவிடுவாள். மற்றபடி அம்மா, “வெட்டுங்க” என்பாள். அத்தை, “எடு” என்பாள். யாராவது ‘ஷோ’ சொல்லிக் கையை விரித்தால், மற்றவள் அந்தச் சீட்டுகளை ஒருமுறை நிதானமாகப் பார்த்து, “நல்ல கை” என்பாள். அவ்வளவுதான். ‘நல்ல கை’ என்று சொல்ல வருகிற வாய்க்கு ‘சாப்பிட்டீங்களா’ என்று கேட்க வராதா என்று எனக்கு ஆத்திரமாக வரும். இரண்டு பேரும் ஈவிரக்கம் இல்லாத ஆட்டக்காரிகள் வேறு. கை சேர்ந்த மறுநொடி ‘ஷோ’ சொல்லி ஆட்டத்தை முடித்துவிடுவார்கள். ஒரு சுற்றுகூடப் பொறுக்க மாட்டார்கள்.

அந்தக் கோடை விடுமுறையில் மாமாவுக்குக் குஜராத் பக்கம் ஒரு டைல்ஸ் கம்பெனியில் வேலை கிடைத்தது. குடும்பத்தோடு கிளம்பினார்கள். சாமான்களை ஏற்றிக்கொண்டு லாரி முன்னாடியே போய்விட்டது. ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் ரயில். அன்று மத்தியானமும் டீச்சரம்மா வீட்டுக் கதவு திறந்தது. அத்தை எங்கே வரப்போகிறாள் என்று நினைத்தேன். வந்தாள்.

இனி அத்தை மகளைப் பார்க்கவே முடியாது என்று எனக்குப் பயம் வந்துவிட்டது. துணிந்து கேட்டுவிட்டேன். “அம்மா, அத்தை வூட்டுக்கு ஒருவாட்டி போயிட்டு வரட்டா? அவளப் பாத்துட்டு ஓடியாந்துடுறேன்.”

அம்மா சீட்டிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. “ஆட்டம் முடியட்டும். அத்தை கூடவே போயிட்டு வா.”

எனக்குக் கால் தரையில் நிற்கவில்லை. ஏழெட்டுச் சுற்றிலேயே அம்மாவுக்குக் கை சேர்ந்துவிட்டது. எனக்கு அப்போதே ரம்மி நன்றாகத் தெரியும். பதின்மூன்று சீட்டும் அழகாக வரிசைப்பட்டு நின்றன. அடுத்த முறை எடுக்கிற சீட்டைக் கவிழ்த்து வைத்து ‘ஷோ’ சொல்ல வேண்டியதுதான் பாக்கி. அம்மா எடுத்தாள், பார்த்தாள், எடுத்த சீட்டையே கீழே போட்டாள். அடுத்த சுற்றிலும் அப்படியே. கவனிக்கவில்லை போலிருக்கிறது என்று தொடையில் கிள்ளினேன். என் கையை மேசைக்கடியில் அழுத்திப் பிடித்துக்கொண்டாள். அத்தையும் அன்று என்னவோ எடுத்த சீட்டையே போட்டுக்கொண்டிருந்தாள். கட்டு தீர்ந்தது. டீச்சரம்மா ஒன்றும் கேட்காமல், போட்ட சீட்டுகளை எல்லாம் திரும்பக் கலைத்து அடுக்கிவைத்தார். டீ வந்தது, குடித்தார்கள். மறுபடியும் எடுத்தார்கள், போட்டார்கள்.

வாசலுக்கு வெளியே தெரு தெரிந்தது. பூட்டுவதற்குத் தயாராக இருந்த வீட்டின் முன்னால் அத்தை மகள் புதுச் சட்டையோடு நின்று இந்தப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தாள். எனக்கு அழுகை முட்டியது.

“அம்மாவுக்கு எப்பவோ சேந்துடுச்சு!” என்று கத்தினேன்.

யாரும் என்னைத் திட்டவில்லை. அம்மா கையை விரித்து வைத்தாள். அத்தை அதை நெடுநேரம் பார்த்தாள். “நல்ல கை” என்றாள். பிறகு தன் கையையும் விரித்தாள். அதிலும் எல்லாம் சேர்ந்திருந்தது.

“உங்களுதும் நல்ல கைதான், அண்ணி” என்றாள் அம்மா.

“போயிட்டு வரேன்” என்றாள் அத்தை.

அத்தை அதற்குப் பிறகு விருத்தாசலத்துக்கு வரவில்லை. டீச்சரம்மா வீட்டு மேசையில் அப்புறம் சீட்டுக்கட்டு இறங்கவும் இல்லை. அந்த ஆட்டம் இன்னும் ஒரு கட்டு தீரும்வரை நடந்திருக்கக் கூடாதா என்று இப்போது நான் ஏங்குகிறேன். அன்று அப்படி எந்த ஏக்கமும் இல்லை. அத்தையின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஓடினேன்.

காலி வீட்டில் பேசினால் எதிரொலித்தது. அதற்கே நாங்கள் இருவரும் சிரித்தோம். “எங்கம்மாவுக்கும் தெரில, உங்கம்மாவுக்கும் தெரில. நாந்தான் கண்டுபுடிச்சேன்” என்று பெருமையடித்துக்கொண்டேன். அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

அவர்கள் ஆட்டோவில் ஏறிப் போனதும், அம்மாவைக் கூப்பிட எதிர்வீட்டுக்குத் திரும்பினேன். டீச்சரம்மா உள்ளே போயிருந்தார். அம்மா மட்டும் மேசையில் இருந்தாள். தன் சீட்டுகளை எடுத்து அடுக்கிவிட்டிருந்தாள். அத்தை விரித்துவிட்டுப் போன பதின்மூன்றும் அப்படியே கிடந்தன; அவற்றையே பார்த்துக்கொண்டிருந்தாள். முடிந்துபோன ஆட்டத்தில் அவ்வளவு நேரம் பார்க்க என்ன இருக்கிறது என்று எனக்குப் புரியவில்லை.