முதல் ரத்தப் பரிசோதனையை உடனே நம்பாத சாமுவேல் டாக்டர்

மாட்டு டாக்டர் சாமுவேல் ஐயா போய்விட்டார் என்று போன் வந்தபோது, நான் டீக்கடைக்காரரின் கண்ணாடியை வாங்கி மூக்கு நுனியில் மாட்டிக்கொண்டு, டாக்டரைப் போலவே பேசிக் காட்டிக்கொண்டிருந்தேன். சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது. அந்தக் கண்ணாடியோடேதான் அழுதேன்.

ஆரணியில் மாடு வைத்திருக்கும் நம்மில் அவரிடம் திட்டு வாங்காதவர் கிடையாது. ஐந்தாவதோடு நின்ற எனக்கு அவர் பாடம் எடுத்தது என் செவலைப் பசுவை வைத்து.

கன்று வீச்சு நோய்க்காக எங்கள் தெரு மாடுகளுக்கு ரத்தம் எடுத்தார்கள். கருவைக் கலைக்கும் நோய் அது, மனிதருக்கும் தொற்றும். தேவிகாபுரத்தில் வாங்கிய என் செவலைக்கு மட்டும் நோய் இருப்பதாக வந்தது. பால் வாங்குகிறவர்கள் நின்றுவிட்டார்கள். என் மனைவி சோறு தொடவில்லை. நான் மாட்டை விற்றுவிடத் தரகரை வரச் சொல்லிவிட்டேன்.

தரகருக்கு முன்னால் டாக்டர் வந்தார்.

"இன்னாய்யா, நோயின்னு நம்பினா அத்த இன்னொருத்தன் தலையில கட்டுவியா?"

"பின்ன இன்னா சார் பண்றது? காயிதத்துல போட்டுக்கீதே."

"நோயுள்ள மாடு தப்பிடக் கூடாதுன்னு வச்ச டெஸ்ட்டு இது. அதனால இல்லாததையும் சிலத இழுத்துகினு வரும். இந்தத் தெருவுல இதுவரைக்கும் ஒரு மாட்டுக்கும் இந்த நோய் இல்ல. அப்போ டெஸ்ட்டையும் சந்தேகப்படணும். இதுக்குத் தடுப்பூசி போட்டாங்களா?"

"மாடு ஒண்ணும் சொல்லலீங்க."

"உன்ன மாதிரி வாயாடி மாடா அமையலியே."

விற்றவருக்கு அவரே போன் போட்டார். ஊசி போட்டிருந்தார்கள், அதுவும் கன்றாக இருக்கும்போது போட வேண்டியதை வயது கடந்து. அந்த ஊசியும் ரத்தத்தில் நோய் போலவே தடம் விடுமாம். வேறு வகைப் பரிசோதனை வரும்வரை பசுவைத் தனியே கட்டி, பாலைக் கொட்டினோம்.

நோய் இல்லை என்று வந்தது. என் மனைவி கும்பிட்டாள்.

"இல்லன்னு வந்ததையும் அப்படியே நம்பிடாதம்மா. ஒரு மாசம் கழிச்சு இன்னொரு தபா பாக்கணும்."

"அதுவரைக்கும் சிரிக்கலாமா சார்?" என்றேன்.

"அளவா சிரி."

அடுத்த மாதமும் இல்லை என்றே வந்தது. அதன்பின் செவலை இரண்டு கன்று போட்டுவிட்டது.

"டெஸ்ட்டு தீர்ப்பு சொல்லாது, சந்தேகத்த ஏத்தும், எறக்கும். அவ்ளோதான்" என்பார். அவரிடமிருந்து நான் வைத்துக்கொண்டது இந்த ஒன்றுதான்.

போன வாரம் ஒரு முகாமில் விரலைக் குத்தி, எனக்குச் சர்க்கரை என்றார்கள். என்ன சாப்பிட்டேன், கை கழுவினேனா என்று கேட்காமல் எப்படி நம்புவது என்று நர்சம்மாவுக்குப் பொறுமையாக விளக்கினேன். அவரும் பொறுமையாகக் கேட்டார். கையைக் கழுவிவிட்டு வரச் சொல்லி, மறுபடி குத்தினார். முன்னதைவிடக் கூடுதலாக இருந்தது.