கர்வத்தைச் சேகரித்தவர்

இத்தாலியின் திரியெஸ்தே துறைமுகத்தில், ஒரு கப்பல் கம்பெனிக்கு வரும் வெளிநாட்டுக் கடிதங்களை மொழிபெயர்ப்பது ரெனாத்தோ கன்ச்சானியின் வேலை. ஏழு மொழிகள் அவருக்கு அத்துப்படி. கர்வம் பிடித்தவன் எப்படிக் கவிழ்வான் என்று ஐரோப்பாவின் ஒவ்வொரு மொழியிலும் ஜனங்கள் சொல்லிவைத்த சொலவடைகளை, இருபத்தாறு வருடமாக அட்டைகளில் எழுதிச் சேர்த்துவந்தார். ஒரு மொழியில் கர்வம் குதிரையேறிப் போனது; இன்னொன்றில் தவளையாக வயிறு புடைத்தது. மாலையில் காபிக்கடையில் நண்பர்கள் கூடினால் நாலைந்தை எடுத்துவிடுவார். போலந்து மாலுமி ஒருவன் உச்சரிப்பைத் திருத்தியபோது, "உங்க ஊர்லயே தப்பாத்தான் சொல்றீங்க" என்று அவனையே மடக்கினார்.

தொகுப்பில் ஸ்லொவேன் மொழிக்கு மட்டும் ஓர் அட்டைகூட இல்லை. அது அவருடைய தாய்மொழி. மேட்டிலிருந்த குவாரி கிராமத்தில், கல்லுடைக்கும் கொச்யாஞ்சிச்சின் மகன் ராதோவாகத்தான் அவர் பிறந்தார். பெயர்களை இத்தாலியப் பெயர்களாக மாற்றச் சொல்லி அரசு நெருக்கிய காலத்தில் மற்றவர்கள் வயிறெரிந்து கையெழுத்துப் போட்டார்கள். ராதோ உத்தரவு வருமுன்பே தானாகப் போய் மாற்றிக்கொண்டார். அப்பா அதற்குப் பிறகு அவரோடு பேசாமலே செத்தார். மனைவி நோர்மா இத்தாலியக்காரி. வீட்டில் ஸ்லொவேன் பேச்சே கூடாது.

அக்கா ஷ்டெஃபா வியாழக்கிழமைகளில் முட்டையும் கீரையும் கொண்டு சந்தைக்கு வருவாள். ஒருமுறை காபிக்கடை வாசலில் தம்பியைப் பார்த்து நின்றுவிட்டாள். அம்மா சொல்லும் சொலவடைகள் கொஞ்சம் ஞாபகமிருக்கிறது, எழுதிக்கொள் என்று தங்கள் தாய்மொழியில் சொன்னாள். நண்பர்கள் திரும்பிப் பார்த்தார்கள். ரெனாத்தோவுக்குக் காது சூடேறியது.

"முட்டை வேணாம்மா. போன வாரம் வாங்கினதே இருக்கு" என்றார் இத்தாலிய மொழியில்.

ஷ்டெஃபா கூடையை இடுப்புக்கு மாற்றிக்கொண்டு நடந்தாள். ஒன்பது வருடம் அந்தத் தெருப் பக்கமே போகவில்லை.

ஐம்பத்தாறாம் வயதில் ரெனாத்தோ அலுவலகப் படிக்கட்டில் விழுந்தார். பக்கவாதம். வலது பக்கம் முழுக்கப் போயிற்று, பேச்சும் போயிற்று. சில வாரம் கழித்து, வீட்டுக் கட்டிலில், பேச்சு திரும்பியது. நோர்மா சொல்வது அவருக்குப் புரிந்தது. பதிலும் மனதுக்குள் இத்தாலிய மொழியில் தயாராக நின்றது. வாயைத் திறந்தால் வந்தது அம்மாவின் மொழி மட்டும்தான். நோர்மாவுக்கு அதில் ஒரு சொல்கூடத் தெரியாது.

ஒரே வார்த்தையைத் திரும்பத் திரும்பச் சொல்லி இடது கையால் கால்பக்கம் காட்டினார். குளிர்கிறதாக்கும் என்று நோர்மா போர்வை போட்டாள். அவர் அழுதார். இன்னொன்று போட்டாள். மூன்றாம் நாள் சந்தைக்குப் போய், முட்டைக்காரிகளிடையே நாத்தனாரைத் தேடிப் பிடித்து, அந்த வார்த்தையைத் தனக்கு வந்தபடி சொல்லிக்காட்டினாள்.

ஷ்டெஃபா கூடையைக் கீழே வைத்தாள். பிறகு, "குதிகால்ங்கிறான்" என்றாள்.

வீட்டுக்கு வந்து போர்வைகளை விலக்கினார்கள். படுக்கைப் புண் எலும்பு தெரியும்வரை அரித்திருந்தது. நாற்றம் தாங்காமல் நோர்மா முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

அன்றிலிருந்து வியாழன்தோறும் ஷ்டெஃபா வந்தாள். புண்ணைக் கழுவினாள், நகம் வெட்டினாள். அவர் கேட்டதை நோர்மாவுக்குச் சொன்னாள். தன் பங்குக்கு எதுவும் பேசவில்லை.

வசந்தத்தில் ஒருநாள் ரெனாத்தோ அவள் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டார்.

"என்னை நம்ம வீட்டுக்குக் கூட்டிட்டுப் போயிடு, அக்கா."

கிராமத்து வீட்டில் அடுப்பங்கரையை ஒட்டிய அறை காலியாகத்தான் இருந்தது. அது இருவருக்கும் தெரியும். ஷ்டெஃபா அவர் விரல்களை ஒவ்வொன்றாக விலக்கினாள்.

"என்ன சொல்றாரு?" என்று கேட்டாள் நோர்மா.

"காத்து அடிக்குதாம். ஜன்னலைச் சாத்தணுமாம்."

நோர்மா போய்ச் சாத்தினாள். ரெனாத்தோ சுவர்ப் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அதன் பிறகு பதினொரு மாதம் உயிரோடு இருந்தார். ஷ்டெஃபா ஒரு வியாழனும் தவறவில்லை. அவர் மறுபடி கேட்கவுமில்லை.