பிரிக்பீல்ட்ஸ் சந்தும் என் லோரியும்

வீட்டுச் சாமான் ஏற்ற வரும் லோரிக்காரனை யாரும் சிரித்த முகத்தோடு வரவேற்பதில்லை. பிறத்தியார் பீரோவைத் தூக்கி இடுப்பு பிடித்துக்கொண்டவர்களே, உங்களுக்கு நான் சொல்லவா வேண்டும்! எண்பதுகளின் கடைசியில் எங்கள் தலைநகரத்தின் பிரிக்பீல்ட்ஸ் வட்டாரத்தில் பலகை வீடுகளை இடித்துவிட்டு, கொண்டோமினியம் என்ற சொகுசு அடுக்குமாடிகளைக் கட்ட ஆரம்பித்தபோது எனக்கு ஓயாத வேலை. அதில் ஒரு சந்தை மட்டும் மறக்க முடியவில்லை.

கையெழுத்து

தண்டவாளத்தை ஒட்டிப் பதினாறு வீடுகள். என் லோரியை அமர்த்தியது கட்டுமானக் கம்பெனி. காலையில் போனால் ஒரு பாய்கூட வெளியே வரவில்லை. மாற்று ஃபிளாட் தருவதாக வாயால் சொன்னார்களே தவிர, எழுத்தில் எதுவும் இல்லையாம். சந்து முனையில் எல்லாரும் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டார்கள். முன்வரிசையில், கம்பெனி கையெழுத்துப் போட வேண்டிய உறுதிமொழிக் கடிதத்தைத் தானே டைப் அடித்துக்கொண்டு ராஜரத்தினம் அங்கிள். ரயில்வேயில் கிளார்க்காக இருந்து ஓய்வுபெற்ற யாழ்ப்பாணத்துக்காரர்.

கம்பெனி மேனேஜர் என்னைப் பார்த்து, "ஏத்துப்பா" என்றார். கூலி கொடுப்பவர் ஒரு பக்கம், சந்தே மறுபக்கம். அங்கிள் ஒரு கோப்பையை என் கையில் கொடுத்தார்.

"தம்பி, நீர் அவசரப்படாமல் ஆறுதலாத் தேத்தண்ணியைக் குடியும். கையெழுத்து வரட்டும், பிறகு நானே கட்டிலைத் தூக்கித் தாறன்."

நாலாவது மாடி

சாயங்காலம் கையெழுத்து வந்தது. மறுவாரம் ஃபிளாட்டுக்குச் சாமான் ஏற்றினேன். வீடுகளுக்கான குலுக்கலில், அதே சந்தில் இருந்த செல்வி அக்காவுக்கு விழுந்தது நாலாவது மாடி. லிஃப்ட் கிடையாது. அவர் கணவருக்கோ பக்கவாதம். நாற்காலியோடு அவரைத் தூக்கலாம் என்று நான் குனிந்தபோது, முனியம்மா ஆன்ட்டி படியை மறித்து நின்றார். வேலித் தகராறில் செல்வி அக்காவோடு பல வருஷமாகப் பேச்சுவார்த்தை இல்லாதவர். குலுக்கலில் ஆன்ட்டிக்குத்தான் தரைத்தளத்துக் கீழ்வீடு.

ஆன்ட்டி அக்கா கையிலிருந்த சாவியைப் பிடுங்கிக்கொண்டு, தன் சாவியை அதே கையில் வைத்தார். அக்கா அழ ஆரம்பித்துவிட்டார். பெயர் மாற்றத்துக்கு அங்கிள் மறுநாளே மனு அடித்தது தனிக்கதை. படியேறிக்கொண்டே ஆன்ட்டி சொன்னது இதுதான்:

"எனக்குச் சண்டை உங்கிட்டதான். பாவம், அவரு என்ன பண்ணாரு? கீழயே இரு லா!"

காலி வீடு

சில வருஷம் கழித்து, அந்தச் சந்து இருந்த இடத்தில் எழுந்த கொண்டோமினியத்திலிருந்து ஒரு டீச்சரின் சாமானை இறக்கினேன். குடிவந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. ஏன் காலி பண்ணுகிறீர்கள் என்று கேட்டேன். காய்ச்சலில் மூன்று நாள் படுத்துக் கிடந்தாராம், எட்டிப் பார்க்க ஆளில்லையாம். பேச்சோடு பேச்சாக அந்தச் சாவிக் கதையைச் சொன்னேன். டீச்சர் பெட்டி கட்டுவதை நிறுத்திவிட்டார்.

"அண்ணே, அந்த ஃபிளாட்ல வீடு ஏதாச்சும் காலியா இருந்தா சொல்லுங்களேன்!"

ஊரார் வீட்டையெல்லாம் தூக்கித் தூக்கி எனக்கு மிஞ்சியது ஒரு தேய்ந்த முதுகெலும்பும், அதைப் பார்த்துப் பரிதாபப்பட்டுச் சோறு போடும் நிறைய மனிதர்களும்தான்.