ஏரித்தெரு உபயம்

அம்சவள்ளிக்கு எழுத்தாளரிடம் கேட்க ஒரே ஒரு கேள்வி இருந்தது. கேட்க விடமாட்டார்கள் என்பதும் தெரிந்திருந்தது. அவள் மலைத்தெரு மருமகள். கேள்வி நேரமோ ஏரித்தெருவுக்குச் சொந்தம்.

செஞ்சி தாண்டி, மலையடியில் ஒட்டிக்கொண்டிருக்கும் பாறைக்கொல்லையில் மூன்று வருடமாக இலக்கியத் திருவிழா நடக்கிறது. ஆரம்பித்துவைத்தவர் நூலகர் கோகுலகிருஷ்ணன். நல்ல மனிதர். கவிதை எழுதுவார் என்பதைத் தவிர அவரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் ஊருக்குத் திருவிழா நடத்தத் தெரிந்தது ஒரே விதம்தான். அம்மன் உற்சவத்தில் நாளுக்கு ஒரு தெரு உபயம் எடுப்பதுபோல, கவியரங்கம் மேட்டுத்தெரு உபயம், நூல் வெளியீடு மலைத்தெரு உபயம், கேள்வி நேரம் ஏரித்தெரு உபயம் என்று பிரித்துக்கொண்டார்கள். ஒரு தெரு உபயத்தில் அடுத்த தெருக்காரன் வாய் திறக்கக்கூடாது. போன வருடம் மலைத்தெரு ஆள் ஒருவர் கேள்வி நேரத்தில் எழுந்து யதார்த்தவாதம் பற்றி ஏதோ கேட்கப்போய், நாற்காலி பறந்து, விஷயம் போலீஸ் வரை போனது. யதார்த்தவாதத்துக்காக மண்டை உடைந்த ஊர் வேறு எங்காவது இருக்கிறதா தெரியவில்லை.

அம்சவள்ளி ஆசைப்பட்டு வாசகி ஆனவள் இல்லை. கிணற்று மேட்டில் வழுக்கி விழுந்து காலில் கட்டோடு படுத்தாள். அதே வாரம் டிவியும் படுத்துவிட்டது. புருஷன் அப்பாதுரை நூலகத்தில் கைக்குக் கிடைத்ததை அள்ளிக்கொண்டு வந்தான். முதலில் கோழி வளர்ப்பு, பிறகு ஒரு சாமியாரின் வரலாறு, பிறகு நாவல்கள். கட்டுப் பிரித்த பிறகும் படிப்பு நிற்கவில்லை. மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, பறிக்கிற இடத்தில் மற்றவர்கள் ஊர்வம்பு பேசினால், இவள் நாவலில் யார் மேல் தப்பு என்று பேசுவாள். ஒரு கதையில் குடிகாரப் புருஷனை மன்னித்துவிட்ட பெண்ணை அம்சவள்ளி இன்னும் மன்னிக்கவில்லை.

இந்த வருடம் வரப்போகிறவர் எழுத்தாளர் தையல்நாயகி. அவருடைய நாவலில் ஒரு தங்கை பிடித்தவனோடு போய்விடுகிறாள். அண்ணன் கதவைச் சாத்துகிறான், வீடு அவளைத் தலைமுழுகிவிடுகிறது. கடைசிப் பக்கத்தில், தங்கையைப் பார்க்க அக்கா பஸ் ஸ்டாப்பில் வந்து நிற்கிறாள். பஸ் வருகிறது. கதை முடிந்தது. அக்கா ஏறினாளா இல்லையா என்று ஒரு வரி கிடையாது. யாரோ கடைசிப் பக்கத்தைக் கிழித்துவிட்டார்கள் என்று அம்சவள்ளி நூலகரிடம் சண்டைக்கே போனாள்.

அவளுக்கு அது வெறும் கதை இல்லை. அவள் தங்கை கலைப்பிரியா, மரக்காணம் பக்கத்து மீனவப் பையன் அய்யப்பனைக் கட்டிக்கொண்டு போய் வருடங்கள் ஆகின்றன. குயிலாப்பாளையத்தில் குடியிருக்கிறாள், ஆரோவில்லில் சமையல் வேலை. கப்பலேறிப் போகிற தூரமில்லை, திண்டிவனத்தில் பஸ் மாறினால் போதும். ஆனால் யாரும் போனதில்லை. "எனக்கு இனிமே ஒரே தங்கச்சிதான்" என்றான் அண்ணன் கண்ணையன். "அவ என்ன கொலையா பண்ணிட்டா?" என்று அந்த ஒரே தங்கச்சி கேட்டாள். அவளோடும் பேச்சு நின்றது. அவளும் வீம்பில் இளைத்தவள் இல்லை, பிறந்த வீட்டு வாசலை மிதிக்கவில்லை. கலைப்பிரியாவைப் பார்க்கப் போகாததற்கு அண்ணன் பேரில் பழியைப் போட்டுவைத்திருந்தாள். இத்தனை காலம் கழித்து எந்த முகத்தோடு போய் நிற்பது என்ற வெட்கம்தான் உண்மை. அந்த அக்கா பஸ் ஏறியிருந்தால் தானும் ஏறலாம் என்று அவளுக்குத் தோன்றியது.

அப்பாதுரைதான் வழி சொன்னான். "நீ ஏரித்தெருவுல பொறந்தவதானே? தேர் வடம் புடிக்க அந்தத் தெருவுல பொறந்த பொண்ணுக்கு உரிமை இருக்குது, கேள்வி கேக்க இருக்காதா? என்ன, உபயக்காரங்க கூப்பிடணும்."

கேள்வி நேரத்து உபயக்காரன் கண்ணையன்.

அவள் போனபோது அவன் களத்தில் மல்லாட்டையைக் கிளறிக்கொண்டிருந்தான்.

"அண்ணா, நாளைக்கு ஒரு கேள்வி கேக்கணும்."

"யாரை?" நிமிரவில்லை.

"எழுத்தாளரை."

"சுருக்கமா கேக்கணும். நெறைய பேரு வரிசையில நிக்கிறாங்க."

இத்தனை வருடம் கழித்துப் பேசிய பேச்சு அவ்வளவுதான். அண்ணி காசியம்மாள் மோர் கொண்டுவந்து கொடுத்துவிட்டு முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். "மல்லாட்டை தூசி" என்றான் கண்ணையன், யாரும் கேட்காமலே.

மறுநாள் எழுத்தாளரை மேளத்தோடு அழைத்துவந்து, ஆரத்தி சுற்றி, பூசணிக்காய் உடைத்து மேடையேற்றினார்கள். அவர் கொஞ்சம் பயந்திருந்தார். ஏரித்தெருவின் முதல் கேள்வி, அவருக்கு எத்தனை பிள்ளைகள். இரண்டாவது, பிள்ளைகள் என்ன செய்கிறார்கள். பிறகு கண்ணையன் மைக்கைப் பிடித்தான்.

"அடுத்ததா எங்க தெரு பொண்ணு, எங்க வீட்டுப் பொண்ணு அம்சவள்ளி."

எங்க வீட்டுப் பொண்ணு என்றதை அவள் மனதுக்குள் ஒருமுறை சொல்லிப்பார்த்தாள். பிறகு கேட்டாள். "அந்த அக்கா பஸ் ஏறினாளா, இல்லீங்களா?"

தையல்நாயகி சிரித்தார். "அதை வாசகர்கள் முடிவுக்கே விட்டுட்டேம்மா."

கண்ணையன் முகம் மாறியது. அவன் எந்தப் புத்தகமும் படித்தவனில்லை. ஆனால் தன் உபயத்தில் ஒரு குறை வந்தால் தெருவுக்கே தலைகுனிவு என்பது தெரியும். "இன்னாங்க இது? எங்க உபயத்துல கேட்டதுக்கு பதில் இல்லேன்னா எப்படி? அம்சா, எந்த அக்கா? எந்த பஸ்? விவரமா சொல்லு."

அவள் நாவலின் கதையைச் சொன்னாள். தங்கை போனது, வீடு தலைமுழுகியது, அண்ணன் கதவைச் சாத்தியது, எல்லாம் ஒலிபெருக்கியில் மலைவரை கேட்டது. கோகுலகிருஷ்ணன் தரையைப் பார்த்தார். அதே கதை யார் வீட்டில் நடந்தது என்று ஊருக்கே புரிந்துவிட்டது.

"நேரமாயிடுச்சு. அடுத்து நன்றியுரை" என்றான் கண்ணையன்.

விடிந்ததும் அம்சவள்ளி பையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஸ்டாப்புக்குப் போனாள். எழுத்தாளருக்கே தெரியாத விஷயத்தை இனி யாரைக் கேட்பது? அங்கே வெள்ளை வேட்டியில், காலடியில் ஒரு மல்லாட்டை மூட்டையோடு, கண்ணையன் நின்றிருந்தான்.

"எங்கண்ணா கெளம்பிட்ட?"

"உபயத்துல கேட்ட கேள்வி பாக்கி நிக்கக்கூடாது" என்றான், ரோட்டைப் பார்த்துக்கொண்டே. "அவளுக்கு வறுத்ததுதானே புடிக்கும்? பச்சையாவே எடுத்துக்கினு வந்துட்டேன்."

"அங்க போயி வறுத்துக்கலாம்ணா."

திண்டிவனம் பஸ் வந்தது. அவன் மூட்டையை ஏற்றிவிட்டுத் திரும்பி, "ஏறு, ஜல்தி" என்றான்.

அக்கா ஏறினாள்.